பேன் என்று ஒரு பொய்

இந்தக் கதையில் ஓர் இடம் எனக்கே சந்தேகம். எனக்கு முடி வெட்டும்போது சலூன்காரர் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கடைசிப் பகுதிக்கு வரும்போது அவர் குரல் இறங்கிவிடும், கத்தரியும் நின்றுவிடும். அவர் சொன்னது எவ்வளவு, அந்த மௌனத்தில் நானாக நிரப்பிக்கொண்டது எவ்வளவு என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை. ஆனால் பேன் விஷயம் நிச்சயம். அதை யாரும் கற்பனை செய்ய முடியாது.

சலூன்காரருக்கு வாய் கண்ணாடி வழியாகத்தான் வேலை செய்யும். ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் துணியைச் சுற்றி, பின்னால் நின்று கண்ணாடியைப் பார்த்தால் உலகத்தில் எதையும் பேசுவார். அதே ஆள் தெருவில் எதிரே வந்தால், "நல்லா இருக்கீங்களா" என்று கால் கட்டை விரலைப் பார்த்துக் கேட்டுவிட்டு நழுவிவிடுவார்.

"இவன்கிட்ட கைமாத்து கேக்கணும்னா தெருவுல வெச்சுக் கேக்கணும்யா, இல்லேன்னு சொல்ல வாய் வராது" என்பார் ஓய்வு பெற்ற கண்டக்டர். வெட்டுவதற்கு முடி இல்லாமல் போன பிறகும் தினமும் பேப்பர் படிக்கக் கடைக்கு வந்துகொண்டிருந்தவர்.

பல வருஷங்களுக்கு முன், சலூன்காரர் மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்து, மருந்து ஏற்ற ஆரம்பித்திருந்த சமயம். மகள் சிட்டு மூன்றாம் வகுப்பு. பிள்ளைகளிடம் கஷ்டமான விஷயத்தை எப்படிச் சொல்வது என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே அந்த ஆஸ்பத்திரியில் ஒரு மேடம் இருந்தார். சலூன்காரரை அவர் அறைக்கு அனுப்பினார்கள்.

"பொண்ணுகிட்ட என்ன சொல்லியிருக்கீங்க?"

"காய்ச்சல்னு."

"எத்தனை மாசத்துக்குக் காய்ச்சல்?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"நோயோட பேரைச் சொல்லிடுங்க. இது உன்னால வரல, பக்கத்துல படுத்தா ஒட்டாதுன்னும் சொல்லுங்க. நாம சொல்லாம விட்ட இடத்தைப் பிள்ளைங்க சும்மா விடாதுங்க. எதையாவது போட்டு ரொப்பிக்கும். பாதி நேரம் தன்னையே போட்டு ரொப்பிக்கும். கீழ உக்காந்து, கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க, என்ன?"

"சரிங்க மேடம்."

முகத்துக்குப் பொருந்தாத முடிவெட்டைக் கேட்கிற வாடிக்கையாளரிடமும் அவர் சொல்லுகிற அதே சரிங்க.

வீட்டில் மனைவி கேட்டாள்: "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? நான் சொன்னா அழுதுடுவேன். அவ பயந்துடுவா."

"நானே சொல்றேன்."

முடி தலையணையில் கொத்துக் கொத்தாக உதிர ஆரம்பித்தது. "நீங்களே எடுத்துடுங்க. வேற கை வேண்டாம்" என்றாள். சிட்டு பள்ளிக்கூடம் போன பிறகு, சமையலறையில் முக்காலி போட்டு உட்கார வைத்து, வெந்நீர் தொட்டு, கத்தியை மெல்ல ஓட்டினார். அங்கே கண்ணாடி இல்லை. அவர் எதுவும் பேசவில்லை.

"சலூன்காரன் பொண்டாட்டிக்கு இன்னிக்குத்தான் ஓசியில வேலை நடக்குது" என்று அவள்தான் சிரித்தாள். பிறகு உள்ளே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

சாயங்காலம் சிட்டு பையோடு வந்தாள். படுக்கையறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். சலூன்காரர் மேடம் சொன்னபடியே கீழே குந்தினார். கண்ணைப் பார்த்தார். அந்தக் கண் இரண்டும் அத்தனை கிட்டத்தில் இருந்தன. பிள்ளைகளுக்கு ஒட்ட வெட்டச் சொல்லும் தாய்மார்கள் கடையில் வழக்கமாகச் சொல்லும் காரணம்தான் வாயில் வந்து விழுந்தது.

"பேன்டா. அம்மா தலையெல்லாம் ஒரே பேன். அதான் எடுத்துட்டோம்."

சிட்டு தலையாட்டிவிட்டுப் பையைக் கழற்றப் போனாள். அப்பாடா என்றிருந்தது அவருக்கு. மனைவி கண்விழித்து, "சொல்லிட்டீங்களா?" என்றபோது, "சொல்லிட்டேன்" என்றார்.

அவர் மறந்துபோனது இது: அதற்கு முன்பு ஒரு தடவை சிட்டுதான் பள்ளியிலிருந்து பேன் கொண்டுவந்தாள். மனைவி அவளை மடியில் கிடத்தி ஈர் உருவியபோது, "உன் பேன் என் தலைக்கும் குடி வந்தாச்சுடி" என்று செல்லமாக வைதிருந்தாள்.

அன்றிலிருந்து சிட்டு தன் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். தலையில் துண்டு கட்டிக்கொண்டாள். அம்மாவிடம் பேசுவதானால் வாசற்படியில் நின்றுதான்.

"வாடி, வந்து பக்கத்துல படு."

"வேணாம்மா."

"ஏன்டி?"

"சும்மாதான்."

மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "என் தலையப் பார்த்தா அவளுக்கு அருவருப்பா இருக்கு போல. குழந்தைதானே, நீங்க அதட்டாதீங்க" என்றாள் கணவனிடம். மறுநாள் ஒரு ஸ்கார்ப் வாங்கிவரச் சொன்னாள். தூங்கும்போதுகூட அதை அவள் அவிழ்க்கவில்லை. சலூன்காரருக்கு ஏதோ உறுத்தியது. இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று தள்ளிப்போட்டார். அதற்குள் நோய் முற்றி, மனைவியை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள்.

ஒரு சாயங்காலம், பள்ளி விட்டதும் சிட்டு நேரே கடைக்கு வந்தாள். நாற்காலிக் கைகள் மேல் சின்னப் பிள்ளைகளுக்காகப் போடும் பலகையைத் தானே எடுத்துப் போட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"எனக்கும் மொட்டை போடுப்பா."

"பாருய்யா" என்றார் கண்டக்டர். "பொண்ணே மொட்டைன்னா அப்பன் கடைக்கு எவன் வருவான்? என்னைப் பார்த்துப் பாதி பேர் ஓடிட்டான்."

சிட்டு சிரிக்கவில்லை.

"எதுக்குடா மொட்டை?" என்றார் சலூன்காரர், கண்ணாடியைப் பார்த்து.

"என் பேன்தானே அம்மாவுக்குப் போச்சு. அதனாலதானே காய்ச்சல் நிக்கவே மாட்டேங்குது. மொட்டை போட்டுட்டா நான் அம்மா பக்கத்துல படுக்கலாம் இல்ல?"

கண்டக்டர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போனார்.

சலூன்காரர் அவள் தோளில் கை வைத்து, கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நோயின் பெயரைச் சொன்னார். மருந்தினால் முடி கொட்டியதைச் சொன்னார். பேன் என்பது தான் சொன்ன பொய் என்றார். எல்லாம் தடையில்லாமல் வந்தது. இத்தனை நாளும் இந்த நாற்காலி இங்கேயேதான் இருந்தது.

"அம்மா செத்துடுவாங்களா?"

"ஆமாண்டா. அப்படித்தான் டாக்டர் சொல்றாரு."

"நான் ஏன் பக்கத்துல வரலைன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்லடா. அவ தலையப் பார்த்து நீ அருவருப்புப் படறேன்னு நெனச்சுட்டா."

சிட்டு பலகையிலிருந்து குதித்து இறங்கினாள். ஷட்டரைப் பாதி இழுத்தபடி விட்டுவிட்டு இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

மனைவி வலிக்கான மருந்தில் ஆழ்ந்து கிடந்தாள். காலையிலிருந்து கண் திறக்கவில்லை என்றாள் நர்ஸ். சிட்டு கட்டிலில் ஏறி, ஸ்கார்பை அவிழ்த்து, அந்த வழுவழுப்பான தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். காதில் சொன்னாள்: "அம்மா, அருவருப்பெல்லாம் இல்லம்மா. பேன் வந்துடும்னுதான்மா." திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்:

"அம்மாவுக்குக் கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சு" என்றார்.

எனக்குச் சந்தேகம் என்றேனே, அந்த இடம் இதுதான். மனைவியின் விரல்கள் சிட்டுவின் முடிக்குள் லேசாக அசைந்தன என்று ஒரு தடவை சொன்னார். இன்னொரு தடவை, தான் அப்போது ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நான் மறுபடி கேட்கவில்லை.

மனைவி அந்த வாரமே கண் திறக்காமல் இறந்துபோனாள். நடந்ததைச் சொல்ல சலூன்காரர் அந்த மேடத்தைத் தேடிப் போனார்; அவர் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப்போயிருந்தார். கண்டக்டருக்கு இப்போது பார்வை இல்லை. ஆனாலும் கடைக்கு வந்து பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சிட்டு படித்து, கல்யாணமாகி, வேறு ஊரில் மருந்துக் கடை நடத்துகிறாள். ஊருக்கு வரும்போது அப்பாவிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறாள். சலூன்காரர் இன்னும் தொழில் செய்கிறார்.