உரலில் விழுந்த பாட்டு

கோணாமலை மாமா ரேடியோவிலிருந்து கசெட்டைப் பிடுங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டபோது கேதீஸ்வரியின் கையில் உலக்கை இருந்தது. அண்ணனின் உடலில் பூச மஞ்சளைச் சுண்ணமாக இடிப்பதற்கு அவளை முற்றத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நெஞ்சுவலியில் போன யோகராசா, தோளில் புரளும் தலைமயிரோடு, வாழ்நாளில் முதல் தடவையாக வாய்மூடிக் கிடந்தான்.

“யுத்தம் முடிஞ்சதெண்டு சந்தியில பட்டாசு கொளுத்திறானுகள். இந்த நேரத்தில இவன்ட காட்டுக்கத்தல் கேட்டா ஆமி உள்ளுக்க வந்திருவான் புள்ள. தேவாரத்தோட மரியாதையா அனுப்புவம்.”

“கத்தல் இல்ல மாமா. அண்ணன்ட பாட்டு.”

“பாட்டாம்!”

ஊரும் இதைத்தான் சொன்னது. கலியாண வீடுகளில் சினிமாப் பாட்டுப் பாடிய காசில் கிற்றார் வாங்கி, இரவல் ஸ்பீக்கரில் அடித்தொண்டையால் ஹார்ட் ரொக் பாடியவனை வேறெப்படிச் சொல்லும்? சுனாமி அவன் மனைவியையும் பாட்டுக் குழுவில் இரண்டு பேரையும் கொண்டுபோனது. அந்தக் கிழமையே அகதி முகாம் முற்றத்தில், மைக் கூட இல்லாமல், கடலைப் பார்த்துப் பாடினான்: “வா கடலே, வா! இன்னும் ஆர் வேணும் உனக்கு?” அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த சனம் எழும்பி நின்று சேர்ந்து கத்தியது. மாமாவும் கத்தினார். இப்போது அதை வசதியாக மறந்துவிட்டார். கசெட்டில் இருந்த அந்தப் பாட்டு இல்லாமல் அண்ணனைச் சுடலைக்கு அனுப்புவதில்லை என்று கேதீஸ்வரி நினைத்திருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கிரியை செய்ய வந்திருந்த ஐயா தேவாரத்தைத் தொடங்கினார். முதல் இடியை அவருடைய தாளத்துக்கே போட்டாள். அடுத்ததை அண்ணனுடைய பாட்டின் தாளத்துக்குப் போட்டாள். திம், திம், திம்திம். ஐயா பாட்டை விட்டுவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“என்ன செய்யிறாய் புள்ள?” என்றார் மாமா.

“சுண்ணம் இடிக்கிறன்.”

காத்தான்குடியிலிருந்து வந்த இர்ஷாத், குழுவில் ட்ரம்ஸ் அடித்தவன், வாசல் படலையடியில் செருப்பைக் கழற்றியபடி அப்படியே நின்றான். பிறகு நேரே உரலடிக்கு வந்தான்.

“மெதுவாப் போகுது தங்கச்சி. யோகன் இரிந்தா ஏசுவான்.”

கவிழ்த்து வைத்திருந்த தண்ணீர்க் கிடாரத்தின் முன் குந்தி உள்ளங்கையால் அடித்தான். அன்று முகாமில் இருந்த பெண்களில் ஒருத்தி “வா கடலே” என்று எடுத்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒப்பாரிக்கென்று வந்த குரல்கள் கூரையைப் பிய்த்தன.

வேலிக்கு வெளியே இரண்டு சைக்கிள்கள் நின்றன. ஆமிக்காரர்கள்.

“என்ன சத்தம்?”

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். கேதீஸ்வரி உலக்கையை நிறுத்தவில்லை. மாமாவின் கை சட்டைப் பையை ஒருமுறை தடவியது.

“செத்த வீடு மாத்தயா. சுண்ணம் இடிக்கிறம்,” என்றார். “எங்கட வழக்கம். இப்பிடித்தான் இடிப்பம்.”

சைக்கிள்கள் போய்விட்டன. உரலில் சுண்ணம் எப்போதோ மாவாகியிருந்தது. மாமா குனிந்து இன்னொரு பிடி மஞ்சளை அள்ளி அதற்குள் போட்டார்.