முன்பக்கமா, பின்பக்கமா

சூரியனைச் சுற்றி ஒரு வளையம் விரிந்துகொண்டிருந்தது. ஆனால் சூரியனில் எதுவும் வெடித்த மாதிரி இல்லை.

இந்த இரண்டையும் பொருத்திப் பார்க்க முடியாமல் கிருபாசங்கர் ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து திணறிக்கொண்டிருந்தார். கணபதி பகுதியில் பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து தரும் பட்டறை அவருடையது. ஞாயிறன்று கீழே லேத்துகள் ஓய்ந்துவிடும். மாடி அறையில் அவருடைய கணினி மட்டும் ஓயாது. விண்வெளித் தொலைநோக்கிகள் அனுப்பும் சூரியப் படங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம் என்று அறிந்த நாளிலிருந்து அவருக்கு அதில் பித்து. அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். பட்டறைப் பையன்கள் அதற்கு வைத்த பெயர் சூரியன் சங்கம்.

அந்த வளையம் என்னவென்று சொல்லிவிட வேண்டும். ஒரு தொலைநோக்கியில், கண்ணுக்கு நேரே வெயில் அடித்தால் நாம் கையை வைத்து மறைப்பதுபோல, நடுவில் ஒரு தட்டை வைத்து சூரியனை மறைத்திருப்பார்கள். அப்போது சூரியனைச் சுற்றியுள்ள மங்கலான பகுதி தெரியும். சூரியன் கொதிக்கும் வாயுவைப் பக்கவாட்டில் வீசினால் அது தட்டின் ஒரு பக்கத்தில் குமிழாகப் புறப்படும். நம்மை நோக்கி நேராக வீசினால் தட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் விளிம்பு தெரியும், அதுதான் வளையம். சிக்கல் என்னவென்றால், நமக்கு முதுகைக் காட்டி நேர் எதிர்ப்பக்கம் வீசினாலும் இதே வளையம்தான் தெரியும். முன்னால் வரும் பலூனுக்கும் பின்னால் போகும் பலூனுக்கும் வட்டம் ஒன்றுதானே.

வேறுபாடு தெரிய, சூரியனின் முகத்தை நேராகப் பார்க்கும் இன்னொரு தொலைநோக்கியிடம் போக வேண்டும். முன்பக்கம் வெடித்திருந்தால் முகத்தில் தழும்பு இருக்கும். இன்று தழும்பு இல்லை. சூரியனிலிருந்து வரும் கதிரின் அளவைக் காட்டும் வரைபடத்தில், வெடிப்பின்போது எகிறும் எக்ஸ்-கதிர்க் கோடும் படுத்தே கிடந்தது. அப்படியானால் பின்பக்கம் என்று முடித்துவிடலாம். ஆனால் கடந்த இரண்டு வாரத்தில் ஓரத்தைக் கடந்து பின்னால் மறைந்த கரும்புள்ளிகள் எல்லாம் சோர்ந்துபோனவை. பின்பக்கத்திலும் வெடிக்க ஆள் இல்லை. விண்வெளி வானிலையை முன்னறிவிக்கும் இணையப் பக்கத்திலும் மூலம் தெளிவில்லை என்றுதான் போட்டிருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தாராபுரத்திலிருந்து ஷைலா கூப்பிட்டாள். மருந்தடிக்கும் ட்ரோன் ஓட்ட உரிமம் வாங்கியவள். குழுவில் இந்தச் சூரிய விஷயத்தால் பிழைப்பு ஆடிப்போகக்கூடிய ஒரே ஆள். அவளுடைய ட்ரோன் செயற்கைக்கோள் சிக்னலை வைத்து ஒரு சாண் கூடப் பிசகாமல் கோடு போட்டதுபோலப் பறக்கும். சூரிய வாயு வந்து பூமியின் காந்தப்புலத்தில் மோதினால், மேலே காற்று மின்னேறிக் கிடக்கும் அடுக்கு கலங்கும். சிக்னல் அதற்குள் நுழைந்து வரும்போது தாமதப்படும். ட்ரோன் தான் சரியான கோட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு சில மீட்டர் தள்ளிப் பறக்கும். 2024 மே மாதப் புயலில் அமெரிக்காவில் விதைக்கிற டிராக்டர்களே கோடு தவறி நின்றுபோயின. நம் பக்கத்தில், பொழுது சாய்ந்த பிறகு இந்தத் தொல்லை கூடுதலாக வரக்கூடும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் அடிக்க வேண்டியது ஒரு மக்காச்சோளக் காடு. படைப்புழு பொழுது சாய்ந்த பிறகுதான் குருத்திலிருந்து வெளியே வரும் என்பதால் அந்த நேரம். காட்டை ஒட்டி ராசாத்தாளின் மல்பெரித் தோட்டம். ராசாத்தாளின் கொட்டகையில் பட்டுப்புழுக்கள் கடைசிப் பருவத்தில் இருந்தன. கூடு கட்டப் போகும் முன் இரவும் பகலும் தழை தின்னும் பருவம். புழுவைக் கொல்லும் மருந்து மல்பெரி இலையில் துளி விழுந்தாலும் அந்த வளர்ப்பு முழுவதும் போய்விடும். ஷைலா ஓரத்தில் ஐந்து வரிசை விட்டுத்தான் அடிப்பாள். ஆனால் ஐந்து வரிசை என்பது சில மீட்டர்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவளுக்கு ஆறுச்சாமியின் காடு இருந்தது. சுற்றிலும் தரிசு, பிசகினாலும் கெடுதல் இல்லை, ஒரு நாள் தள்ளினாலும் பயிர் தாங்கும். இரண்டையும் மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் போன மாசியில் இந்தக் குழுவின் பேச்சைக் கேட்டு அவள் நிறுத்தியது அதே ஆறுச்சாமியின் வேலையைத்தான். அன்று வந்தது பின்பக்க வளையம். புயலும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. அவர் காத்திருந்த மூன்று நாளில் புழு குருத்தைத் தின்றுவிட்டது. மறுபடியும் காரணமில்லாமல் தள்ளிப்போட்டால் அவர் மட்டுமல்ல, அவரைப் பார்த்து அவளைக் கூப்பிட்ட அந்த ஊரே வேறு ஆளைத் தேடும்.

"அண்ணா, போன தடவ மாதிரி, இருந்தாலும் இருக்கும்னு சொல்லிப்போடாதீங்க," என்றாள் ஷைலா. "வருதா, வரலையா? நாலு மணிக்கு ஆறுச்சாமியண்ணன் மருந்து கலக்கத் தண்ணி டேங்கருக்குச் சொல்லிருவாருங்க. அதுக்குள்ள எனக்குத் தெரியோணும்."

கிருபாசங்கர் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். மாசிக்குப் பிறகு குழுவில் ஒரு விதி போட்டிருந்தார்கள். எக்ஸ்-கதிர்க் கோடு எகிறியிருக்க வேண்டும். அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டால் முகத்தில் அசைவு தெரிய வேண்டும். இரண்டும் இருந்தால்தான் எச்சரிக்கை. விதியை எழுதியதே அவர்தான். அதன்படி அவர் வரவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

இரண்டு மணி வாக்கில், குழுவில் புதிதாகச் சேர்ந்த நித்யஸ்ரீ வந்தாள். துடியலூரில் வீடு, நகரத்தில் ஒரு மருத்துவமனையில் ரத்தக்குழாய் அடைப்பைப் படம் எடுக்கும் அறையில் டெக்னீசியன். காலை ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். ஷைலா அவளையும் கூப்பிட்டிருந்தாள். ராசாத்தாள் கொட்டகையில் புழு தழை தின்னும் சத்தம் மழை பெய்வதுபோல இருந்ததாம். அதைக் கேட்ட பிறகுதான் தனக்குப் பயம் வந்தது என்று சொன்னாளாம்.

கிருபாசங்கர் கழித்த படங்களை ஓட்டிக் காட்டினார். கழித்தல் என்றால் இதுதான்: இப்போதைய படத்திலிருந்து அதற்கு முந்தைய படத்தைக் கணினியால் கழிப்பது. மாறாதது எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். மாறியது மட்டும் வெளுப்பாகவோ கருப்பாகவோ மேலெழும். குழுவில் எல்லோரும் இப்படித்தான் பார்ப்பார்கள். இன்று திரை முழுவதும் சாம்பல்.

நித்யஸ்ரீ இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு படத்திலும் எதைக் கழிக்கிறீர்கள் என்று கேட்டாள். அதற்கு முந்தையதை என்றார் அவர்.

"எப்பவும் முந்தையதேதானுங்களா?"

"ஆமா. வேகமாப் போறது அதுலதான் பளிச்சுனு தெரியும்."

"மெதுவாப் போனா?"

 கேட்டுவிட்டு, நித்யஸ்ரீ தன் மருத்துவமனை அறையில் நடப்பதைச் சொன்னாள். ரத்தக்குழாயில் சாயம் ஏற்றுவதற்கு முன்பு ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். எலும்பு, தசை எல்லாம் அதில் இருக்கும். பிறகு எடுக்கும் ஒவ்வொரு படத்திலிருந்தும் அந்த ஒரே படத்தைத்தான் கழிப்பார்கள். சாயம் சொட்டுச் சொட்டாக ஏறினாலும் மொத்தமும் தெரியும். ஒவ்வொரு படத்திலும் அதற்கு முந்தையதைக் கழித்தால், மெதுவாக ஏறும் சாயம் கண்ணில் படாமலே போய்விடும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பவருக்குக் குறைவது தெரியாது. காலையில் போட்ட கோட்டோடு ஒப்பிட்டால் பாதி காலியானது தெரியும்.

கிருபாசங்கர் வளையம் கிளம்புவதற்கு ஆறு மணி நேரம் முந்தைய படம் ஒன்றை எடுத்து அதையே எல்லாவற்றிலிருந்தும் கழித்தார். திரை குப்பையாகிவிட்டது. ஒவ்வொரு கரும்புள்ளிக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளை நிழல். எதைப் பார்த்தாலும் இரட்டை இரட்டையாக இருந்தது.

சூரியன் சுழல்கிறதே என்றார் அவர். இதனால்தான் இந்த வழியை என்றைக்கோ கைவிட்டதாகவும் சொன்னார். ஆறு மணி நேரத்தில் முகத்தின் நடுப்பகுதி திரையில் இருபது புள்ளிக்கு மேல் நகர்ந்திருந்தது. மணி மூன்றேகால்.

நோயாளி மூச்சு விட்டால் தங்களுக்கும் இப்படித்தான் ஆகும், பழைய படத்தை அந்த அளவு நகர்த்திவிட்டுக் கழிப்போம் என்றாள் நித்யஸ்ரீ. அவர் முழுப் படத்தையும் நகர்த்திப் பார்த்தார். நடுவில் தெளிந்தது, ஓரங்களில் இன்னும் மோசமானது. அவர் நாற்காலியில் சாய்ந்து, கடைசல் முடிந்து மேசைமேல் கிடந்த ஒரு ஷாஃப்டை எடுத்து விரலால் உருட்டினார். உருளையின் நடுவில் இருக்கும் கீறல் வேகமாக நகர்ந்தது. ஓரத்துக்கு வந்த கீறல் நம் கண்ணுக்கு நகராததுபோலத் தெரிந்தது. சுழலும் வேகம் ஒன்றுதான். பார்க்கும் கோணம்தான் வேறு. படத்தைத் தட்டையாக நகர்த்தக் கூடாது, உருண்டையாகத் திருப்ப வேண்டும். அதற்கு ஒரு கட்டளை அவருடைய மென்பொருளிலேயே இருந்தது. இதுவரை அவர் அதைத் தொட்டதில்லை.

மூன்றே முக்காலுக்கு ஆறுச்சாமியே ஷைலாவைக் கூப்பிட்டுவிட்டார். அவள் அந்தப் போனைக் காத்திருப்பில் போட்டுவிட்டு இவர்களைக் கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது. இன்னும் ரெண்டு நிமிஷம் என்றாள் நித்யஸ்ரீ. கணினி படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கழித்துக்கொண்டிருந்தது. 

படம் வந்தது. இரட்டை நிழல்கள் போய்விட்டன. முகத்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே, நீளமாக, சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு.

இருட்டான ஒன்று இருந்த இடத்தில் அது இல்லாமல் போனால், கழித்த படத்தில் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். கிருபாசங்கர் பழைய படத்தைத் திறந்தார். அதே இடத்தில் ஒரு கரிய இழை இருந்தது. சூரியனின் காந்தப்புலம் தொட்டில்போலத் தாங்கி வைத்திருக்கும் குளிர்ந்த வாயு அது; சில சமயம் வாரக்கணக்கில் அசையாமல் தொங்கும். புதிய படத்தில் அது இல்லை. இருந்த இடத்தின் இருபுறமும் வாயு வெளியேறிப்போன இரண்டு மங்கல் திட்டுகள். இழை மணிக்கணக்கில் மெல்ல மெல்ல எழும்பி, கடைசியில் அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. அடியில் கரும்புள்ளி இல்லாத அமைதியான இடம் என்பதால் எக்ஸ்-கதிர்க் கோடு எகிறவில்லை. வெடிப்பு முகத்தின் நடுவில். அதாவது நேராக நம்மை நோக்கி. வளையம் விரிந்த வேகத்துக்கு, செவ்வாய் மதியத்துக்கு மேல் வந்து சேரும்.

"முன்பக்கம், ஷைலா," என்றார் கிருபாசங்கர். "வருது. எத்தன பலமா இருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா வருது. மாத்திப்போடு."

ஷைலா இரண்டு போன்களையும் இணைத்துவிட்டாள் போலிருக்கிறது. தெரிந்து செய்தாளோ தெரியாமல் செய்தாளோ, ஆறுச்சாமியின் குரல் இவர்களுக்கும் கேட்டது.

"ஏனம்மணி, மறுக்காவும் சூரியனுக்கு வயித்தால போகுதாக்கும்?"

"ஆமாங்ண்ணா," என்றாள் ஷைலா. "இந்தத் தடவ நம்ம பக்கமாத்தானுங்க."

அவள் ராசாத்தாளின் பட்டுப்புழுக்களைச் சொல்லி, ஒரு நாள் தள்ளிப்போடக் கேட்டாள். ராசாத்தாளோட புழுவுக்காக என்றால் புதன்கிழமை காலைவரை பொறுக்கிறேன், அதற்கு மேல் ஒரு நாளும் முடியாது என்று சொல்லி வைத்துவிட்டார்.

திங்கள் சாயங்காலம் ஷைலா மக்காச்சோளக் காட்டை அடித்து முடித்தாள். மல்பெரி ஓரத்தில் ஐந்து வரிசையும் உலர்ந்தே இருந்தன. செவ்வாய்க்கிழமை அவள் ட்ரோனை வெளியே எடுக்கவில்லை. சிக்னல் வாங்கும் கருவியை மட்டும் ஆறுச்சாமியின் வரப்பில் முக்காலியில் நிறுத்தி வைத்தாள். அவரும் பக்கத்தில் வந்து நின்றார். பொழுது இறங்கிய சிறிது நேரத்தில், அசையாமல் நின்ற அந்தக் கருவி, தான் தரிசுக்குள் மூன்று மீட்டர் நடந்துபோய்த் திரும்பியதாகத் திரையில் காட்டியது. ஆறுச்சாமி குனிந்து முக்காலியின் கால்களைப் பார்த்தார். மூன்றும் ஊன்றிய மண்ணிலேயே இருந்தன.

அந்தத் திரையின் படத்தை ஷைலா குழுவில் போட்டாள். அதற்குக் கீழே கிருபாசங்கர் பழைய விதியை நீக்கிவிட்டுப் புதியதை எழுதினார்:

வளையம் தெரிந்து, முகத்தில் ஒன்றும் தெரியாவிட்டால், வளையத்துக்குப் பல மணி நேரம் முந்தைய ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்ளவும். சூரியன் சுழன்ற அளவுக்கு அதை உருண்டையாகத் திருப்பவும். பிந்தைய எல்லாப் படங்களிலிருந்தும் அதையே கழிக்கவும். எந்த இழை காணாமல் போயிருக்கிறது என்று பார்க்கவும்.