மஞ்சள் பூசிய எல்லைக்கல்

குழியில் மழைத் தண்ணீர். தண்ணீரில் ஒரு துண்டு வானம். குழியை ஒட்டி ஒரு நொச்சிப் புதர்.

அந்தக் குழியில் ஒரு கல் இருந்தது. நகராட்சி நட்ட கல். ஓடைக்கரையிலிருந்து பதினைந்து மீட்டர். அதற்குள் யாரும் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்பது விதி.

நல்ல விதி. மழைக்காலத்தில் ஓடைக்குக் கால் நீட்ட இடம் வேண்டாமா?

போன கார்த்திகையில் அந்த இடமில்லை. எங்கள் தெருவுக்கு எதிரே கல்யாண மண்டபம் கட்ட வந்த ஏகாம்பரம், கரை முழுக்க லாரி லாரியாக மண் கொட்டியிருந்தார். ஓடை எங்கள் வீட்டுக்குள் வந்தது.

கைக்குழந்தையைப் பிரியாணி அண்டாவில் உட்கார வைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போனேன். என் மகள் சிரித்தாள். அவளுக்கு அது விளையாட்டு. நான் அண்டாவின் விளிம்பை விடவே இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் போட்ட கூச்சலில்தான் மண்ணை அள்ளினார்கள். கல்லை நட்டார்கள்.

ஆடி மாதம். ஒரு சாவுக்குத் தெருவே போயிருந்த பகலில், கல் இடம் மாறிவிட்டது. ஓடையின் விளிம்புக்கே போய்விட்டது.

அதற்கு மஞ்சள் பூசியிருந்தது. குங்குமம். சிவப்புப் பாவாடை. வேப்பிலை. ஓர் எலுமிச்சம்பழம்கூட.

"சாமி தானா வந்து உக்காந்துக்கிச்சு. நான் இன்னாம்மா பண்றது?" என்றார் ஏகாம்பரம்.

கெட்டிக்காரர். எங்களைத் தெரிந்து வைத்திருக்கிறார். வெறும் கல்லென்றால் பிடுங்கி எடுத்து வருவோம். அம்மன் என்றால் கன்னத்தில் போட்டுக்கொள்வோம்.

போட்டுக்கொண்டோம். தெருவே போட்டுக்கொண்டது. நானும்தான். என் மேலேயே எனக்கு ஆத்திரம்.

நகராட்சி என்ஜினீயர் வந்தார். குழியைக் காட்டினேன். குழியில் தண்ணீர், தண்ணீரில் வானம். அவர் பைக்கை விட்டு இறங்கவே இல்லை. கல் இருக்கிற இடம்தான் எல்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு விழுந்தது. குழியைத் தாண்டி, ஓடை வரைக்கும்.

ஒன்றும் செய்யாத குழந்தையை அதட்டினேன். வானம் கறுத்தபோதெல்லாம் அண்டாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

சரி. அம்மன் என்றால் அம்மனாகவே இருக்கட்டும்.

ஆடியில் எந்த அம்மனும் இருந்த இடத்திலேயே இருப்பதில்லை. தெருத்தெருவாக ஊர்வலம் வருவாள். பக்கத்து வீட்டு மங்கையர்க்கரசியிடம் சொன்னேன். அவள் மற்ற பெண்களிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பம்பைக்காரர் வந்தார். மன்னித்துக்கொள் தாயே என்று கடப்பாரை போட்டோம். மூன்று சக்கர மீன்பாடி வண்டியைக் கழுவி, கோலம் போட்டு, அம்மனை ஏற்றினோம். தெருவைச் சுற்றினோம். வீட்டுக்கு வீடு கற்பூரம்.

ஊர்வலம் குழியருகில் நின்றது. இறக்கினோம். பழைய இடத்தில் அம்மன் பாந்தமாக உட்கார்ந்துகொண்டாள். சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்தோம்.

ஏகாம்பரம் கொத்தனார்களோடு ஓடி வந்தார். பிடுங்கச் சொல்லிக் கத்தினார். கொத்தனார்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

அதுவரை அவரை நீங்கள் என்றுதான் பேசியிருக்கிறேன்.

"கல்லு இருக்கிற எடந்தான் எல்லைன்னு ஆபிசரே சொல்லிட்டாரு. வேணும்னா நீயே உன் கையால எடு."

ஏகாம்பரத்தின் கை பாதிவரை நீண்டது. மஞ்சளைப் பார்த்தது. திரும்பிவிட்டது. பூசியவரே அவர்தான். அவருக்கும் பயம்.

மறுபடி கார்த்திகை. விடாத மழை. ஓடை கால் நீட்டியது. கல் வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றது. என் வீட்டில் அண்டா கவிழ்ந்தே கிடந்தது. அதன்மேல் ஏறி என் மகள் தாளம் போட்டாள்.

ஆனாலும் ஆறவில்லை எனக்கு. விதியை ஒருவரும் மதிக்கவில்லை. குழந்தையை அண்டாவில் வைத்துத் தள்ளியதை மதிக்கவில்லை. மஞ்சளை மதித்தார்கள்.

மழை விட்டதும் மஞ்சள் கிண்ணத்தோடு போனேன். பூச்செல்லாம் கரைந்து வெறும் கல்லாக நின்றது. அதைச் சுற்றித் தண்ணீர். தண்ணீரில் ஒரு துண்டு வானம்.

பற்களைக் கடித்துக்கொண்டு பூசினேன்.