கயிறு பிடிப்பவள்

கனடாவின் ஸ்குவாமிஷ் பாறையில் ஏற வந்து மூன்று வாரம் ஆகியும் அங்கே ஏறும் கூட்டத்தில் ஒருத்தராவது என் கையில் கயிற்றைக் கொடுக்க வேண்டுமே! "ஏறுங்க பிரின், ஏறுங்க" என்பார்கள். நான் ஏறும்போது கீழே நின்று கயிறு பிடிப்பார்கள். இறங்கினால் "பிரமாதம்" என்பார்கள். தாங்கள் ஏறும் முறை வந்தால் மட்டும் கயிறு வேறு யார் கைக்காவது போய்விடும். விழுந்தால் நான் தாங்குவேன் என்று நம்ப ஆளில்லை. தங்களுக்குள் எருமை, கழுதை என்று கொஞ்சிக்கொள்வார்கள். எனக்கு மட்டும் மரியாதை. எரிச்சல் எரிச்சலாக வந்தது. என் வேனுக்குள் படுத்தால் தூக்கமில்லை, எழுந்தால் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அன்றும் இப்படியே போனால் சாயங்காலம் வண்டியைக் கிளப்பிவிடுவது என்று இருந்தேன்.

ஒடெட் எனக்குக் கயிறு பிடிக்க வந்தாள். கெபெக் மாகாணத்துக்காரி, அந்தக் கூட்டத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். நான் இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது கூட்டத்தில் ஒருவனான டெஸ்மண்டின் நாய் அவள் சுட்டு வந்த பேகல் ரொட்டியைக் கவ்விக்கொண்டு ஓடியது.

"டேய் டெஸ்மண்ட்! உன் நாய்க்குச் சோறே போடமாட்டியா?"

"நீ செஞ்சதைத் திங்க அதுக்கு மட்டும்தான் தைரியம் இருக்கு!"

துரத்தினாள், திட்டினாள், வெறுங்கையோடு திரும்பினாள். மேகம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. "சீக்கிரம் ஏறுங்க, மழை வந்துடும்."

தரையை விட்டுக் காலை எடுக்கும் முன் அவள் என் முடிச்சைப் பார்க்க வேண்டும், நான் அவள் இடுப்பில் கயிற்றைப் பூட்டும் கொக்கியைப் பார்க்க வேண்டும். பாறை ஏறும் எங்களுக்கு அது பல் தேய்ப்பது மாதிரி. அன்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

இரண்டு ஆள் உயரத்தில் ஒரு அகலமான திட்டு. அங்கே நின்று, பாறையில் அடித்திருந்த முதல் வளையத்தில் மாட்டக் கயிற்றை இழுத்தேன். இடுப்பில் ஏதோ நழுவியது. குனிந்தேன். கயிற்று நுனி இடுப்புப் பட்டைக்குள் நுழைந்திருந்தது, அவ்வளவுதான். திருப்பி முடிச்சாகப் பின்னவே இல்லை.

மளமளவென்று பின்னி இறுக்கினேன். கீழே யாருக்கும் தெரியவில்லை.

"என்ன பிரின், இளைப்பாறுறீங்களா?" என்றாள் ஒடெட்.

வாயை மூடிக்கொண்டு மேலே போய்விடலாம். சொன்னால் தொலைந்தேன், முடிச்சுப் போட மறந்தவள் கையில் யார் உயிரைக் கொடுப்பார்கள்? ஆனால் அவள் கொக்கியையும் நான் பார்க்கவில்லையே.

"முடிச்சுப் போடாமலே ஏறிட்டேன்! இப்பத்தான் போட்டேன். உங்க கொக்கியைப் பாருங்க!"

ஒடெட் குனிந்து கொக்கியை இழுத்துப் பார்த்தாள், பூட்டித்தான் இருந்தது. பிறகு அவள் குரல் கேட்டது. "இறங்கு."

வளையத்தில் கயிற்றை மாட்டி இறங்கினேன். ஒடெட்டின் முகம் வெளுத்திருந்தது. என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"செத்திருப்பியேடி! நாய் பின்னாடி ஓடின நான் ஒரு எருமை. என்னை இழுத்துப் பிடிச்சு நிறுத்தாத நீ ஒரு எருமை!"

"மன்னிச்சிடுங்க. நான் கிளம்பறேன்." முடிச்சை அவிழ்த்தேன்.

"எங்க கிளம்பற?" கயிற்று நுனியைப் பிடுங்கித் தன் இடுப்பில் கட்டினாள். "பாரு."

பின்னலை ஒவ்வொரு இழையாக இழுத்துப் பார்த்தேன். "சரியா இருக்கு" என்று என் கொக்கியில் கயிற்றைப் பூட்டிக் காட்டினேன்.

"அப்ப பிடி" என்று பாறையில் கை வைத்தாள்.

"பிரின், விட்டுடாத!" என்றான் டெஸ்மண்ட். "அவ போயிட்டா என் நாய் பட்டினிதான்."

"சும்மா இருடா" என்றேன். அவள் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.