சிமெந்துக் குழாய்

1961 ஆவணியில், ஓமந்தைக்குக் கிழக்கே ஓர் அரசாங்கப் பண்ணையில் நான் இராப் பம்புக்காரன். குளத்துத் தண்ணீரை விடியும்வரை இறைத்தும் குடிமனைத் தொட்டி பாதிகூட நிறையவில்லை. நான் பம்பை நிறுத்திவிட்டு நித்திரை கொள்கிறேன் என்று எஞ்சினியர் கதிர்காமநாதன் முடிவு கட்டினார்.

"வெள்ளிக்குள்ள குழாயில ஒழுக்கு அகப்படாட்டி உம்மை வேலையால நிப்பாட்டிப்போடுவன்."

குழாய் போகும் வழியைக் காட்டும் வரைபடத்தைக் கறையான் தின்றிருந்தது. ஆகவே கொழும்பிலிருந்து ஒரு கருவி வந்தது. உலக யுத்தத்தில் கண்ணிவெடி தேடியதாம்; மண்ணுக்குள் இரும்பிருந்தால் கத்தும். எஞ்சினியர் அதன் கேட்பானைக் காதில் மாட்டி, தண்டைத் தூக்கிக்கொண்டு சாமி காவுகிறவர்போல நடந்தார். அது கத்திய இடமெல்லாம் கூலியாள் ஹலீம் வெட்டினான். வண்டில் சக்கரத்து இரும்புப் பட்டம், கலப்பைக் கொழு, பழைய பட்டாளத்து இறைச்சித் தகரங்கள். மூன்று நாளில் பதினொரு குழி.

"ஐயா, பழைய இரும்புக் கடை ஒண்டு போடுவமே?" என்றான் ஹலீம்.

"வாயைப் பொத்திக்கொண்டு வெட்டும்."

பம்படியிலிருந்து இருநூறு யார் தூரம்வரை குழாய்மேல் ஒழுங்காகக் கத்திய கருவி, அதற்கப்பால் ஊமையானது. எஞ்சினியர் பற்றரியை மாற்றினார். பம்பு அறையில் நான் குந்துவதே இந்தக் குழாய் போட்டபோது மிஞ்சிப்போன சிமெந்துக் குழாய்த் துண்டில்தான்.

"ஐயா, உதுக்குச் சிமெந்து கேக்காது."

"நீர் எத்தினையாம் வகுப்பு?"

"ஒன்பதில விட்டனான்."

"அப்ப பேசாமல் நில்லும்."

வியாழன் மத்தியானம் அவர் சாப்பிடப் போனதும், சத்தம் நின்ற இடத்தில் நானும் ஹலீமும் வெட்டினோம். அங்கே இரும்பு முடிந்து சிமெந்து தொடங்கியது. அது போன திக்கில் கயிறு பிடித்தோம். கயிறு எஞ்சினியர் வீட்டுப் பின்வளவுக்குள் நுழைந்தது.

பண்ணையே கருகிக் கிடக்க, அங்கே கதலி வாழை குலை தள்ளி நின்றது. குளிக்கிற தண்ணீர் பாயும் இடத்தில் வாழை வைப்பது யாழ்ப்பாணத்தார் வழக்கம், எவரும் ஐமிச்சப்படவில்லை. ஆனால் ஒரு மாதமாக அந்த வீட்டார் குளிப்பது குளத்தில். வாழை எதைக் குடித்தது? அதில் ஒரு சீப்பு எனக்கும் தந்தார்கள். தின்றேன், யோசிக்கவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒரு மொக்கன்தான்.

"ஐயோ, என்ர வாழையைத் தறிக்காதையுங்கோ!" எஞ்சினியரின் மனைவி கமலாசனி ஓடிவந்தா.

ஹலீம் அலவாங்கை வாழையடியில் இறக்கினான். சேறு பொங்கியது. மூட்டு வெடித்திருந்தது. எஞ்சினியர் சோற்றுக் கையோடு வந்து பார்த்தார்.

ஒழுக்கைக் கருவி கண்டுபிடித்ததாக அவர் அறிக்கை எழுதினார். என் வேலை தப்பியது. மூட்டை அடைத்த அன்று, பழக்கத்தில் விடியும்வரை இறைத்துவிட்டேன். தொட்டி வழிந்து ஓடியது. தண்ணீரை வீணாக்கியதற்காக மறுநாள் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது.