நிமிர்ந்தால் உதைக்கும் கால்

கொச்சி மட்டாஞ்சேரி கிடங்கில் சுக்கு மூட்டை அடுக்கின் உச்சியிலிருந்து மல்லாந்து விழுந்த அன்றே சுடலைமுத்துவின் இடுப்புக்குக் கீழே எல்லாம் முடிந்துபோனது. சுமை தூக்குகிறவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. விழுந்தவன் இனி எழமாட்டான் என்றால் அவன் இடம் வீட்டு ஆளுக்கு. எழுவான் என்றால் இடம் அவனுக்காகவே காத்திருக்கும். மைத்துனன் மாரிச்செல்வத்துக்கு அது கிடைத்தால்தான் இந்த வீட்டில் அடுப்பு எரியும்.

அதை முடிவு செய்யத்தான் கூட்டத் தலைவன் ஷாஜி பள்ளுருத்தியில் இருந்த அவன் வீட்டுக்கு வந்திருந்தான்.

"அவரு இருக்கிற வரைக்கும் என்னைப் படுக்க வைக்காதே" என்று மனைவி மகாவிடம் காலையிலேயே சொல்லிவிட்டான் சுடலைமுத்து. பயிற்சி கொடுக்க வரும் ஸுப்ரியா விளக்கியிருந்தாள்: இடுப்பு மடங்கியிருந்தால் கால் அடங்கிக் கிடக்கும், நீட்டிப் படுத்தால் முதுகுத்தண்டு தானாகவே உதைக்கச் சொல்லும், மூளைக்குச் சேதியே போகாது.

ஷாஜி சாயாவைக் குடித்து முடித்தான்.

"எத்தனை நேரம் இப்படி உட்காரும் முத்து? முதுகு நோகும்."

வேண்டாம் என்பதற்குள் மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கிக் கட்டிலில் கிடத்திவிட்டான். வலது கால் விசுக்கென்று உதைத்தது.

"எடா, இது நல்லா உதைக்குதல்லோ."

"அது நான் இல்ல சேட்டா. நிமிந்தா அதுவா உதைக்கும்."

"ஆளுக்குத் தெரியாம காலு உதைக்குமோ? கதை பறயாதே."

"வேணும்னா உள்ளங்காலைக் கிள்ளிப் பாருங்க. எனக்குத் தெரியவே தெரியாது."

ஷாஜி நகம் பதியக் கிள்ளினான். சுடலைமுத்துவுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கால் மட்டும் சுட்டதுபோல் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

ஷாஜி சிரித்துவிட்டான். நல்லவன்; மனதாரத்தான் சிரித்தான்.

"ஓணத்துக்குள்ள நீ வந்துரும். இடம் உனக்குத்தான். மச்சானை வேற வேலை பார்க்கச் சொல்லு."

போய்விட்டான்.

மகா கதவைச் சாத்தினாள். அவனைத் தூக்கி உட்கார வைத்தாள். கால் அடங்கியது. படுக்க வைத்தாள். உதைத்தது. மறுபடியும் தூக்கி, மறுபடியும் கிடத்தினாள்.

"அந்தம்மா சொன்னதை நீயும்தானே கேட்ட?" என்றான்.

அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு தடவை நீங்களா அசைச்சுக் காட்டுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."