குழாயை விட்டு வெளியே

சின்னமனூரில் நல்லகண்ணுவின் ஓட்டலுக்குள் நுழைந்ததும் அனிதா மேரிக்குக் கண் கூசியது. கல்லாவை ஒட்டியிருந்த நாலடி மீன்தொட்டியின் தலையில் மூன்று எல்.இ.டி. பட்டைகள் எரிந்துகொண்டிருந்தன. வெல்டிங் பட்டறை வாசலில் நிற்பதுபோல் இருந்தது. தொட்டிக்குள் கூழாங்கற்கள், பிளாஸ்டிக் செடி, ஒரு முழ நீளக் கறுப்புக் குழாய். மீன் என்று எதுவும் கண்ணில் படவில்லை.

“மீன்கடைப் பொண்ணா? வா ஆத்தா, உங்க மீனைப் பிடிச்சுட்டுக் கெளம்பு,” என்றார் நல்லகண்ணு, கல்லாவிலிருந்து எழாமலே. “மூணு வாரமா நான் குழாய்க்குத்தான் தண்ணி மாத்திட்டு இருக்கேன். மீனு தெரியலேன்னு ஒரு லைட்டு போட்டேன். அப்பவும் தெரியல. ரெண்டாவது போட்டேன். மூணாவதும் போட்டாச்சு. சாப்பிட வர்றவுகல்லாம் ‘அண்ணே, குழாயி குட்டி போட்டுருச்சா’ன்னு கேக்குறாக.”

“நாலாவது ஒண்ணு போடுங்கண்ணே, கொதிச்சே வெளிய வந்துரும்,” என்றார் பரோட்டாக் கல்லில் நின்ற ஒச்சாண்டி. “அப்பறம் மசாலா தடவுறது என் பொறுப்பு.”

நாலு மேசையிலும் சிரித்தார்கள். அனிதா மேரி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். சிரிப்புச் சத்தம் யாரைப் பற்றியதானாலும் அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் ஜன்னல் மூலையில் கூடு கட்டிய குளவியைப் பற்றி ஒரு நோட்டில் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தாள். அதை எவளோ எடுத்துச் சாப்பாட்டு நேரத்தில் ராகம் போட்டு வாசித்தாள். வகுப்பே உருண்டு சிரித்தது. மறுநாள் வயிற்றுவலி என்று படுத்தவளுக்கு, மூன்று வருஷமாகியும் அந்த வயிற்றுவலி தீரவில்லை. பள்ளிக்கூடம் நின்றது; நோட்டு நிற்கவில்லை. ராயப்பன்பட்டி வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் இப்போது பதினோரு நோட்டுகள் இருக்கின்றன. பன்னிரண்டாவது இந்தப் பைக்குள்.

உத்தமபாளையத்து வளர்ப்பு மீன்கடை முதலாளி சண்முகராஜ் காலையில் சொன்னது சுருக்கமானது. “அங்கன பேசுறதுக்கு ஒண்ணுமில்ல. பிடி, கவர்ல கட்டு, பஸ் ஏறு. திரும்பி வந்த மீனை எவனும் வாங்க மாட்டான். கம்பத்துக்காரரு தொட்டியில விட்டுருவோம்.” கம்பத்துக்காரர் வளர்ப்பது ஆஸ்கர் மீன்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். வாயில் கொள்வது எதுவானாலும் விழுங்கிவிடும்.

இந்தக் கறுப்பு மீன் கடைக்கு வந்த நாளிலிருந்து அவள் குறிப்பெழுதி வந்தாள். ‘பிளாக் கோஸ்ட்’ என்று அதன் தொட்டியில் சீட்டு ஒட்டியிருந்தது. நோட்டில் இருந்தவை: மேகம் மூடியது, மூக்கு மட்டும் வெளியே. மூணு பத்து, கரண்ட் போனது, முழுசாக வந்தது. கரண்ட் வந்தது, ஓடிவிட்டது. படிப்பை விட்ட புதிதில் ஆறு மாதம் அம்மாவோடு ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போயிருந்தாள். அங்கே மரக்கிளைகளை ஒரே நாளில் கழித்துவிட்ட ஒரு சரிவில் ஏலச்செடிகள் வெளுத்துக் கருகிப்போனதைப் பார்த்திருக்கிறாள். மீனுக்கும் அந்த வெயில்தான் என்று தோன்றியிருந்தது. ஆனால் யாரிடமும் சொன்னதில்லை. மீனைப் பிடித்துப்போக வந்தவள், நாற்றுப் பண்ணையில் வெயிலுக்கு விரிக்கிற பச்சை வலையில் ஒரு துண்டைப் பையில் எதற்காக எடுத்துவந்தோம் என்பதைத் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

“அண்ணே, ஒரு மணி நேரம் குடுங்க,” என்றாள். ஒச்சாண்டி கொத்துகிற சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லத் தைரியம் வரவில்லை. குனிந்து, மூன்று பிளக்குகளையும் பிடுங்கினாள்.

“ஏத்தா! என்ன செய்யிற?” நல்லகண்ணு எழுந்துவிட்டார்.

“ஒரு மணி நேரம்ணே. வரலேன்னா பிடிச்சுட்டுப் போயிர்றேன்.”

குரல் நடுங்கியது. ஆனால் கேட்டது.

வலையை நாலாக மடித்துத் தொட்டியின் மேல் விரித்தாள். ஒரே ஒரு பட்டையை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்து எரியவிட்டாள். தொட்டியின் தெருப்பக்கக் கண்ணாடியில் பழைய காலண்டர் தாளை ஒட்டினாள். தண்ணீர் வாழைத்தோப்பு நிழல்போல் ஆயிற்று. தீனிக்கென்று கடையிலிருந்து கொண்டுவந்த உறைந்த சிவப்புப் புழுவில் ஒரு துண்டைக் குழாயின் வாயருகே விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

அரை மணியாயிற்று. தக்காளி லோடு ஏற்றிவந்த டிரைவர் ஒருவர் கரண்டியால் கண்ணாடியைத் தட்டப் போனார்.

“தட்டாதீக,” என்றாள். அவர் கரண்டியை இறக்கினார். தன் சொல்லுக்கு ஒரு கை நின்றதை அனிதா மேரி ஆச்சரியமாகப் பார்த்தாள்.

நாற்பதாவது நிமிடம் குழாயின் வாயில் ஒரு கறுப்பு மூக்கு தெரிந்தது. பிறகு நெற்றியில் வெள்ளைக்கோடு. பிறகு மொத்த உடம்பும் மைபோல வழிந்து வெளியே வந்தது. அடிவயிறு நெடுகிலும் ஒரே துடுப்பு, காற்றில் முந்தானை மாதிரி நெளிந்தது. புழுவை உறிஞ்சியது. இன்னும் ஒன்றுக்காக நின்றது.

கல்லில் பரோட்டா கருகும் வாடை வந்தது. ஒச்சாண்டி அங்கே இல்லை. மாவுக் கையோடு தொட்டியருகே நின்றார்.

“அடி ஆத்தா,” என்றார் நல்லகண்ணு மெதுவாக. “இம்புட்டு அழகா அது?” போனை எடுத்தார். “சண்முகராஜு, மீனு இங்கனதான் இருக்கும். பொண்ண மட்டும் பஸ் ஏத்தி விடுறேன்.” பிறகு அவளிடம் திரும்பினார். “லைட்டு வெவரத்த எழுதிக் குடுத்துட்டுப் போ. இல்லேன்னா எங்க ஆளுக மறந்துருவாக.”

எழுதவேண்டியிருக்கவில்லை; முன்பே எழுதியிருந்தாள். பையிலிருந்து நோட்டை எடுத்தாள். விரல் தயங்கியது. பிறகு ஒரு பக்கத்தை அடியோடு கிழித்துக் கொடுத்தாள். ஒச்சாண்டி அதை வாங்கி, ஆர்டர் கூவுகிற அதே குரலில் ஓட்டலுக்கே வாசித்தார்.

“‘காலையில் முதலில் கடை விளக்கு. அரை மணி கழித்துத்தான் தொட்டி விளக்கு. அணைக்கும்போது தொட்டி முதலில். திடீர் வெளிச்சம் அதற்கு அடி விழுந்த மாதிரி. தொட்டிக்கு மேலே எப்போதும் நிழல் வேண்டும். கண்ணாடியைத் தட்டக் கூடாது.’” தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். “‘அது ஒளியவில்லை. கண் கூசுகிறது.’”

கடைசி வரியும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது என்பதை அவள் மறந்திருந்தாள். பழைய வகுப்பறைச் சிரிப்புக்காக முதுகு தானாகக் கூனியது.

யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் கரண்டியைச் சத்தம் வராமல் தட்டில் வைத்தார். நல்லகண்ணு ஸ்டூலில் ஏறி, தொட்டிக்கு நேர் மேலே எரிந்த டியூப் லைட்டைத் தாமாகவே கழற்றினார். ஒச்சாண்டி ‘கை கழுவும் இடம்’ பலகைக்குப் பக்கத்தில் சோற்றுப் பருக்கையால் தாளை ஒட்டினார்.

காலிக் கவரோடு அனிதா மேரி நிமிர்ந்து நின்றாள். மீன் தொட்டியின் கடைசிவரை போய், திரும்பாமல், அப்படியே பின்னோக்கி நீந்தி வந்தது. அதன் வாலிலிருந்த இரண்டு வெள்ளை வளையங்கள், பச்சை நிழலுக்குள், கண்ணாடியில் தெரிந்த ஒவ்வொரு மேசையாகக் கடந்து போயின.